வடிவமைப்பு முறை, ஆய்வு முறை: ஆய்வேட்டில் எதை எழுதுவது?

#1 நெம்புகோல்

வணக்கம். இயந்திரப் பொறியியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். சக்கர நாற்காலியில் இருப்பவர்களில் பிடி வலு குறைந்தவர்களுக்கு பிரேக் போடுவதும் விடுவிப்பதும் சிரமம். அவர்களுக்காக ஒரு புதிய நெம்புகோல் அமைப்பைச் செய்வதுதான் என் வேலை. ஆய்வுக் குழுவில் இருவர் இயந்திரவியல்காரர்கள், இருவர் வடிவமைப்புத் துறையைச் சேர்ந்தவர்கள். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

முறையியல் அத்தியாயத்தில், பொறியியல் வடிவமைப்பு நூல் எழுதிய பால், பைட்ஸ் இருவரும் சொல்லும் நான்கு கட்டங்களை எழுதினேன்: பணியைத் தெளிவாக்குவது, கருத்துரு, உருவமைப்பு, விவர வடிவமைப்பு. இயந்திரவியல் பேராசிரியர் படித்துவிட்டு, "இது நீ பொருளைச் செய்யும் முறை. ஆய்வு முறை எங்கே? கருதுகோள் எங்கே?" என்று கேட்டார். வடிவமைப்புத் துறைப் பேராசிரியரின் குறையே வேறு: "பயன்படுத்துகிறவர்களோடு பழகுவதற்கு முன்பே தேவைப் பட்டியலை இழுத்து மூடிவிட்டாயே. கருதுகோளுக்கு என்ன அவசரம்?"

டிஆர்எம் (டிசைன் ரிசர்ச் மெதடாலஜி), டிசைன் சயின்ஸ், ரிசர்ச் த்ரூ டிசைன் என்று மூன்று பெயர்கள் காதில் விழுந்தன. மேலோட்டமாகப் படித்தேன். பெட்டிகளும் அம்புக்குறிகளும் எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் தெரிகின்றன. நான் எதை எடுத்துக்கொள்வது?

#2 முறுக்குவிசை

எந்த முறை என்பதைக் கொஞ்சம் தள்ளிவையுங்கள். ஆய்வேடு முடியும்போது எதை நிறுவிவிட்டதாகச் சொல்லப்போகிறீர்கள்? அதை ஒரு வாக்கியத்தில் எழுதிப் பாருங்கள்.

"நல்ல நெம்புகோல் ஒன்றைச் செய்தேன்" என்றால் பாராட்டலாம், ஆனால் அதில் மற்றவர் எடுத்துப் போக ஒன்றும் இல்லை. "பிடி வலு குறைந்தவர்களுக்கு, விரல்களால் பற்றி இழுப்பதைவிட உள்ளங்கையால் தள்ளும் அமைப்பில் பிரேக் முழுமையாக விழுவது அதிகம்" என்றால் அது ஒரு கூற்று. அதை நம்புவதா வேண்டாமா என்று நான் உங்களோடு சண்டை போடலாம். அந்தச் சண்டைக்கு நீங்கள் தயாராகும் விதம்தான் ஆய்வு முறை.

பால், பைட்ஸ் நூல் 1977இல் ஜெர்மனில் வந்தது, 1984இல் ஆங்கிலத்தில். ஒரு பொறியாளரைத் தேவைப் பட்டியலிலிருந்து தயாரிப்பு வரைபடம் வரை வழி தவறாமல் கூட்டிச் செல்வதற்காக எழுதியது. அந்த வேலையை மிக நன்றாகவே செய்கிறது. வழியில் புதிய அறிவு கிடைக்கும் என்று அது வாக்குக் கொடுக்கவில்லை. அதனால் அந்த நான்கு கட்டங்களை நீக்க வேண்டாம், வேறு அத்தியாயத்துக்கு மாற்றினால் போதும்.

டிஆர்எம் பற்றி ஓர் எச்சரிக்கை. பிளெசிங், சக்ரபர்த்தி இருவரின் அந்த முறை நூலாக வந்தது 2009இல். முதலில் ஆய்வைத் தெளிவாக்குவது. பிறகு இப்போது நிலைமை எப்படி இருக்கிறது என்ற விவரிப்பு ஆய்வு. அடுத்து நிலைமையை மாற்ற ஒரு துணைக்கருவியை உருவாக்குவது. கடைசியில் அந்தத் துணைக்கருவி உண்மையில் மாற்றியதா என்று மறுபடியும் ஒரு விவரிப்பு ஆய்வு. அமைப்பு அழகானது. ஆனால் அது மனதில் வைத்திருப்பது வடிவமைப்பு என்ற செயலை. துணைக்கருவி என்று அது சொல்வது பெரும்பாலும் வடிவமைப்பாளருக்கு உதவும் ஒரு வழிகாட்டி, மென்பொருள், சோதனைப் பட்டியல் போன்றவை. நெம்புகோலை அந்த இடத்தில் வைத்துவிட்டு "டிஆர்எம் பின்பற்றினேன்" என்று எழுதும் ஆய்வேடுகள் நிறைய உண்டு. தேர்வாளர் கொஞ்சம் விவரமானவராக இருந்தால் அங்கேயே பிடித்துவிடுவார்.

#3 வரைபலகை

முறுக்குவிசை சார் சொல்வதில் பாதிக்கு ஒப்புக்கொள்கிறேன். கூற்றை முதலிலேயே எழுதச் சொல்வதில்தான் எனக்குச் சண்டை.

வடிவமைப்பில் பிரச்சினை என்னவென்று தெரிவதே தீர்வுகளைச் செய்து பார்க்கும்போதுதான். இதைத் துறைக்காரர்களின் சொந்தப் பெருமை என்று ஒதுக்க வேண்டாம். பிரையன் லாசன் 1970களில் ஒரு சோதனை செய்தார். வண்ணக் கட்டைகளைப் பலகையில் அடுக்க வேண்டும், வெளிப்புறச் சுவரில் குறிப்பிட்ட நிறம் கூடுதலாகத் தெரிய வேண்டும். எந்தக் கட்டைகள் கட்டாயம் இருக்க வேண்டும் என்பதில் ஒரு மறைந்த விதி உண்டு. அறிவியல் மாணவர்கள் முதலில் விதியைக் கண்டுபிடிக்க முயன்றார்கள். விதம்விதமாகக் கட்டைகளைச் சேர்த்துத் தகவல் திரட்டினார்கள். கட்டடக்கலை மாணவர்கள் நல்ல சுவர் ஒன்றை நேராகக் கட்டிப் பார்த்தார்கள். விதி அதை ஏற்கவில்லை என்றால் அடுத்த நல்ல சுவர். ஒரு சாரார் பிரச்சினையைப் பிடித்தார்கள், மறு சாரார் தீர்வைப் பிடித்தார்கள்.

2001இல் டார்ஸ்ட், கிராஸ் இருவரும் வெளியிட்ட கட்டுரை இன்னும் நெருக்கமானது. அனுபவமுள்ள 9 தொழில்துறை வடிவமைப்பாளர்களிடம் ரயில் பெட்டியில் குப்பை சேகரிக்கும் அமைப்பு ஒன்றைச் செய்யச் சொல்லி, அவர்கள் வாய்விட்டு யோசிப்பதைப் பதிவு செய்தார்கள். யாரும் பிரச்சினையை முழுக்க வரையறுத்துவிட்டுத் தீர்வுக்குப் போகவில்லை. ஒரு தீர்வின் துணுக்கு கிடைக்கும். அது பிரச்சினையை வேறு மாதிரி பார்க்க வைக்கும். அப்புறம் தீர்வும் மாறும். இரண்டும் சேர்ந்தே வளர்கின்றன.

ஆகவே நெம்புகோல், உங்கள் வடிவமைப்புத் துறைப் பேராசிரியர் கருதுகோளே வேண்டாம் என்று சொல்லவில்லை என்று நினைக்கிறேன். "நெம்புகோல்தான் வேண்டும் என்று உனக்கு யார் சொன்னது?" என்பதுதான் அவருடைய கேள்வியாக இருக்கும். உங்கள் பயனர் பெயரே முடிவைச் சொல்லிவிட்டது பாருங்கள்.

#4 பழைய பட்டறை

நான் ஆலையில் வடிவமைப்புப் பிரிவில் காலம் தள்ளியவன். சொல்கிறேன் என்று கோபித்துக்கொள்ளாதீர்கள். இந்தப் பெயர்கள் எல்லாம் ஆய்வேட்டுக்காகப் பிறந்தவை. வேலை நடக்கும் இடத்தில் யாரும் அம்புக்குறி பார்த்து நடப்பதில்லை.

வரலாற்றையே பாருங்கள். 1962இல் லண்டனில் வடிவமைப்பு முறைகளுக்கென்று முதல் பெரிய மாநாடு. 1964இல் கிறிஸ்டோபர் அலெக்சாண்டர், பிரச்சினையைக் கணிதம்போலத் துண்டாக்கி மறுபடி சேர்க்கும் நூலைக் கொண்டுவந்தார். அதே நூலின் 1971 பதிப்புக்கு எழுதிய முன்னுரையில் வடிவமைப்பு முறைகளைத் தனிப் பாடமாகப் படிக்கும் எண்ணத்தையே மறுத்துவிட்டார். 1970இல் வடிவமைப்பு முறைகளை ஒரு நூலாகத் தொகுத்துத் தந்த கிறிஸ்டோபர் ஜோன்ஸும் அந்தப் பத்தாண்டிலேயே விலகிப் போனார். பெற்றவர்களே கைகழுவிய பிள்ளையை நாம் ஏன் தூக்கிச் சுமக்க வேண்டும்?

மென்பொருளில் 'அருவி மாதிரி' என்று ஒன்றைச் சொல்வார்கள். அதற்கு மூலமாகக் காட்டப்படும் வின்ஸ்டன் ராய்ஸின் 1970 கட்டுரை, ஒரே திசையில் கொட்டும் அந்தப் படத்தைப் போட்டுவிட்டு உடனே அது ஆபத்தானது, தோல்வியை அழைக்கும் என்றுதான் சொல்கிறது. படம் மட்டும் உலகம் சுற்றியது. கட்டுரையை யாரும் படிக்கவில்லை.

#5 முறுக்குவிசை

பட்டறை அண்ணா, ராய்ஸ் விஷயம் சரி. அலெக்சாண்டர் விஷயமும் சரி. ஆனால் அவர்கள் கைவிட்டது, நல்ல வடிவத்தை முறையே பிறப்பித்துத் தரும் என்ற நம்பிக்கையை. வடிவமைப்பிலிருந்து அறிவை எடுக்க முடியாது என்று அதற்குப் பொருள் வராது. பொறியியலில் அதற்கு மிகப் பழைய வழி ஒன்று இருக்கிறது. இரண்டு துறைச் சண்டையிலும் அது காணாமல் போய்விடுகிறது.

1759இல் ஜான் ஸ்மீட்டன் நீர்ச்சக்கரங்கள் பற்றிய கட்டுரையை ராயல் சொசைட்டியில் படித்தார். சிறிய மாதிரிச் சக்கரம் ஒன்றைச் செய்து, நீரின் அளவு, உயரம், சக்கரத்தின் வேகம், சுமை என்று ஒவ்வொன்றாக மாற்றி மாற்றி அளந்தார். மேலிருந்து நீர் விழும் சக்கரம், கீழே நீர் மோதும் சக்கரத்தைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு பலன் தரும் என்று காட்டினார். ஏன் என்பதற்கு அவர் கையில் முழுமையான கோட்பாடு இல்லை. ஆனால் அடுத்துச் சக்கரம் கட்டுகிறவனுக்கு அது போதும்.

வால்டர் வின்சென்டி 1990இல் எழுதிய நூலில் இதற்கு ஒரு முழு அத்தியாயம் உண்டு. ஸ்டான்ஃபோர்டில் டூராண்ட், லெஸ்லி இருவரும் 1916இலிருந்து 1926 வரை விமானச் சுழலிகளைக் காற்றுச் சுரங்கத்தில் சோதித்த கதை. ஒரு குறிப்பிட்ட விமானத்துக்குச் சுழலி செய்வது அவர்கள் நோக்கமில்லை. எந்த விமானக்காரரும் எடுத்துப் பயன்படுத்தக்கூடிய தரவுத் தொகுப்பைத் தந்தார்கள். வடிவமைப்பும் அறிவியலும் நடுவில் சந்திக்கும் இடம் அது.

இதில் ஒரு வேடிக்கை. ஸ்மீட்டனின் அதே 1759 கட்டுரையில் காற்றழுத்தத்துக்கான ஓர் அட்டவணையும் இருந்தது. அதிலிருந்து வந்த 0.005 என்ற கெழுவைப் பின்னால் வந்தவர்கள் பிடித்துக்கொண்டார்கள். ரைட் சகோதரர்களின் 1901 கிளைடர், கணக்கு சொன்ன தூக்குவிசையைத் தரவில்லை. அவர்கள் அளந்து பார்த்து 0.0033 அளவில்தான் இருக்கிறது என்று கண்டார்கள். அந்த ஆண்டின் பிற்பகுதியில் தாங்களே செய்த காற்றுச் சுரங்கத்தில் ஏறத்தாழ 200 சிறு இறக்கை மாதிரிகளைச் சோதித்தார்கள். விமானம் செய்வதுதான் குறிக்கோள். ஆனாலும் நடுவில் அவர்கள் செய்தது அசல் ஆய்வு. இன்னொருவர் எண்ணைச் சரிபார்த்தார்கள், எப்படி அளந்தோம் என்று சொல்லும்படி அளந்தார்கள்.

#6 பிட்டும் பைட்டும்

தகவல் அமைப்புத் துறையிலிருந்து வருகிறேன். எங்களுக்கு இந்தத் தலைவலி 2004இலேயே வந்து, ஹெவ்னரும் அவருடன் மூவரும் எழுதிய டிசைன் சயின்ஸ் கட்டுரையால் ஓரளவு தீர்ந்தது. அதற்கு முன் எங்கள் இதழ்களில் மக்கள் மென்பொருளை எப்படி ஏற்றுக்கொள்கிறார்கள் என்று கணக்கெடுத்தால் ஆய்வு. மென்பொருளைச் செய்தால் வெறும் வேலை. செய்வதும் ஆய்வாகலாம், ஆனால் செய்ததை மதிப்பிட வேண்டும், துறைக்குப் புதிதாக என்ன தந்தாய் என்று சொல்ல வேண்டும் என்று 7 வழிகாட்டிகளை அவர்கள் வைத்தார்கள். வேர் என்று பார்த்தால் ஹெர்பர்ட் சைமன் 1969இல் வெளியிட்ட நூலுக்குப் போக வேண்டும். இயற்கை எப்படி இருக்கிறது என்று கேட்கும் அறிவியலுக்குப் பக்கத்தில், பொருள் எப்படி இருக்க வேண்டும் என்று கேட்கும் அறிவியலுக்கும் இடம் கேட்டவர் அவர்.

2007இல் பெஃபர்ஸ் குழு அதை ஆறு செயல்களாக ஆக்கியது: பிரச்சினை, தீர்வின் நோக்கங்கள், உருவாக்கம், செய்துகாட்டல், மதிப்பீடு, எடுத்துரைத்தல். நெம்புகோலுக்குப் பிடிக்கப்போகும் செய்தி ஒன்று இதில் உண்டு. இந்த வரிசையில் முதல் படியில்தான் ஏற வேண்டும் என்று கட்டாயம் இல்லை. பாதி செய்த பொருள் கையில் இருந்தால் அங்கிருந்தே தொடங்கலாம், பின்னோக்கிப் போய்ப் பிரச்சினையையும் நோக்கத்தையும் சரிசெய்யலாம் என்று அவர்களே அனுமதிக்கிறார்கள்.

எங்கள் வீட்டுக் குறையையும் சொல்லிவிடுகிறேன். செய்துகாட்டல் ஒன்று, மதிப்பீடு வேறொன்று. ஓர் இடத்தில் ஒரு தடவை பொருள் ஓடியது என்று காட்டினால் அது செய்துகாட்டல். பல கட்டுரைகள் அங்கேயே நின்றுவிட்டு அதற்கு மதிப்பீடு என்று தலைப்பிடுகின்றன. ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப் பூ சர்க்கரை.

#7 வரைபலகை

ரிசர்ச் த்ரூ டிசைனையும் முறையாக அறிமுகப்படுத்திவிடலாம், இல்லையென்றால் மற்ற இரண்டின் சோம்பேறித் தம்பி என்று நினைத்துவிடுவார்கள்.

1993இல் கிறிஸ்டோபர் ஃப்ரேலிங் ஆய்வை மூன்றாகப் பிரித்தார்: வடிவமைப்பைப் பற்றியது, வடிவமைப்பு வழியாக நடப்பது, வடிவமைப்புக்காகச் செய்வது. நடுவில் இருப்பதுதான் எல்லோரும் அடித்துக்கொள்ளும் இடம். 2007இல் ஸிம்மர்மேன், ஃபோர்லிஸி, எவென்சன் மூவரும் மனித-கணினி ஊடாட்டத் துறைக்காக அதை எப்படி எடைபோடுவது என்று நான்கு அளவுகோல்கள் வைத்தார்கள். செயல்முறையை விவரமாக எழுதியிருக்க வேண்டும். கண்டுபிடிப்பில் புதுமை இருக்க வேண்டும். அந்த நிலைமை ஏன் விரும்பத்தக்கது என்ற பொருத்தம் வேண்டும். அடுத்தவர் அதன்மேல் கட்ட முடிய வேண்டும். இன்னொருவர் இதே வழியில் போனால் இதே பொருள் வரும் என்று எதிர்பார்க்கவே இல்லை என்பதைக் கவனியுங்கள். பொறியாளர்களுக்கு இங்கேதான் வயிற்றெரிச்சல். ஆனால் இரண்டு நல்ல வடிவமைப்பாளர்களுக்கு ஒரே பணியைக் கொடுத்தால் இரண்டு பொருள்கள்தான் வரும். அதைக் குறையாக எழுதினால் வடிவமைப்பையே குறையாக எழுதியதாகும்.

ரிட்டல், வெப்பர் 1973இல் சொன்ன 'அடங்காப் பிரச்சினை'களின் பத்துக் குணங்களில் இரண்டு இங்கே போதும். தீர்வுகளில் சரி, தவறு கிடையாது, நல்லது, மோசமானதுதான் உண்டு. வேலை முடிந்தது என்று சொல்லும் நிறுத்தப்புள்ளியும் கிடையாது.

#8 பழைய பட்டறை

பிரேக் நெம்புகோல் அடங்காப் பிரச்சினையா! ரிட்டல் பேசியது நகரத் திட்டமிடல், வறுமை, குற்றம் போன்ற சமூகக் கொள்கை விவகாரங்களை. நாற்காலி நகர்ந்தால் பிரேக் விழவில்லை, நகராவிட்டால் விழுந்தது. இதைவிடத் தெளிவான சரி, தவறு எங்கே கிடைக்கும்?

#9 வரைபலகை

நாற்காலி நிற்பது சரி, தவறுதான். அந்த மனிதர் பிரேக்கைப் போடுகிறாரா என்பது அப்படி இல்லை. கை எட்டவில்லை என்றால் போடமாட்டார். நெம்புகோல் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருந்து, படுக்கைக்கு மாறும்போது தொடையில் இடித்தால், கழற்றி வைத்துவிடச் சொல்வார். ஒவ்வொரு தடவையும் பக்கத்தில் இருப்பவரைக் கூப்பிடுவதற்குப் பதில் போடாமலே விட்டுவிடலாம். இதில் எது 'பிரச்சினை' என்பதைத் தேவைப் பட்டியலில் ஒரு வரியாக எழுத முடியுமா?

#10 நெம்புகோல்

இவ்வளவு விவரமாக எழுதியதற்கு எல்லோருக்கும் நன்றி. இரண்டு சந்தேகங்கள்.

ஒன்று, எத்தனை பேரை வைத்துச் சோதிப்பது? வடிவமைப்புத் துறையில் 5 பேர் போதும் என்கிறார்கள். இயந்திரவியலில் 30க்குக் குறைந்தால் பேசவே கூடாது என்கிறார்கள். இரண்டுக்கும் காரணம் கேட்டால் "அப்படித்தான் எல்லோரும் செய்கிறார்கள்" என்கிறார்கள்.

இரண்டு, ஐந்து கருத்துருக்களில் ஒன்றைப் பியூ அணியில் (கருத்துருக்களை ஒப்பிட்டுக் குறியிடும் அட்டவணை) தேர்ந்தெடுத்தேன். அதை ஆய்வு முடிவாகக் காட்டலாமா?

#11 திட்டவிலக்கம்

இரண்டு எண்களும் காரணத்தோடு பிறந்தவைதான். காரணம் உதிர்ந்துபோய் எண் மட்டும் மிஞ்சிவிட்டது.

5 பேர் என்பதன் பின்னால் நீல்சன், லாண்டவர் இருவரும் 1993இல் தந்த மாதிரி இருக்கிறது. ஒரு பயனாளர் ஒரு குறையில் மாட்டிக்கொள்ளும் வாய்ப்பு சராசரியாக 31 விழுக்காடு என்று அவர்கள் எடுத்த சோதனைகளில் வந்தது. அப்படியானால் 5 பேரிடம் அந்தக் குறை ஒரு தடவையாவது தலைகாட்டும் வாய்ப்பு, ஒன்றிலிருந்து 0.69இன் ஐந்தாம் அடுக்கைக் கழித்தால், ஏறக்குறைய 84 விழுக்காடு. அவ்வளவுதான். பயனாளர் இடைமுகங்களில், குறைகளைத் தேடும்போது, அந்தச் சராசரி பொருந்தினால். பத்தில் ஒருவருக்கு மட்டும் வரும் குறையானால் அதே 5 பேரிடம் அது தெரியும் வாய்ப்பு 41 விழுக்காடுதான். பிரேக் விழாமல் போவது பத்தில் ஒருவருக்கு நடந்தாலே கவலைப்பட வேண்டிய விஷயம் இல்லையா?

ஒப்பிடுவது வேறு வேலை. பழைய நெம்புகோல், புதிய நெம்புகோல் என்று இரண்டு தனிக் குழுக்களில், திட்ட விலக்கத்தில் (அளவுகள் சராசரியிலிருந்து சிதறும் அளவு) பாதி அளவுள்ள வேறுபாட்டை 80 விழுக்காடு திறனோடு (உண்மையில் இருந்தால் தென்படும் வாய்ப்பு), வழக்கமான 5 விழுக்காடு மட்டத்தில் (இல்லாததை இருப்பதாகக் காணும் வாய்ப்பு) பிடிக்கக் குழுவுக்கு 64 பேர் வேண்டும். ஒரே நபர் இரண்டையும் பயன்படுத்தினால், அவரவர் வேறுபாடுகளின் திட்ட விலக்கத்தில் பாதியைப் பிடிக்க மொத்தமே 34 பேர் போதும். அப்படிச் செய்தால் பாதிப் பேர் பழையதில் தொடங்க வேண்டும், பாதிப் பேர் புதியதில். இல்லையென்றால் பழக்கமும் களைப்பும் முடிவுக்குள் கலந்துவிடும். 30 என்பது இந்தக் கணக்கு எதிலிருந்தும் வரவில்லை.

இன்னொன்று, இதை நான் கேட்க வேண்டியதே இல்லை, இயந்திரவியல்காரர்கள் முதலில் கேட்டிருக்க வேண்டும். உங்கள் புதிய நெம்புகோலின் கை, பழையதைவிட நீளமா? நீளமென்றால் விசை குறைவது கணக்குப்படி நடக்கும். கையை இரண்டு மடங்காக்கினால் அதே திருப்புத்திறனுக்குப் பாதி விசை. அதை 34 பேரை உட்கார வைத்து நிரூபிக்க வேண்டாம். தள்ளுவதா இழுப்பதா என்பது கேள்வியானால், இரண்டிலும் நெம்பு விகிதம் ஒன்றாக இருக்க வேண்டும். அதாவது விற்பனையில் உள்ள நெம்புகோலோடு மட்டும் ஒப்பிட்டால் போதாது. உங்கள் கருத்தை எடுத்துவிட்டு மற்ற எல்லாம் அப்படியே இருக்கும் ஒரு மாதிரியையும் நீங்களே செய்ய வேண்டும்.

பியூ அணிக்கு: கூட்டல், கழித்தல், 'அதேதான்' என்ற குறிகள் எல்லாம் ஓர் அடிப்படைக் கருத்துருவோடு ஒப்பிட்டுத்தான் வருகின்றன. அடிப்படையை மாற்றிப் போட்டுப் பாருங்கள், வரிசை மாறவும் கூடும். குழுவாக உட்கார்ந்து பலவீனங்களைக் கண்டு கருத்துருக்களை வளர்க்க நல்ல கருவி. அதில் வென்றது சிறந்தது என்று ஆய்வு முடிவாக எழுதினால் நிற்காது.

#12 முறுக்குவிசை

நெம்பு விகிதம் பற்றிய கேள்விக்கு வணக்கம் வைக்கிறேன். புள்ளியியல்காரர் கேட்டது கொஞ்சம் வலிக்கிறது.

#13 வரைபலகை

திட்டவிலக்கம் சொன்ன சோதனைக்கு முன்னால் ஒன்று மிச்சம் இருக்கிறது. எதை அளப்பது என்று யார் முடிவு செய்தார்கள்? பிடி விசைமானியை வைத்துக்கொண்டு காத்திருக்கிறீர்கள். வருகிறவர் முன்கையை நெம்புகோல்மேல் சாய்த்து உடல் எடையால் அழுத்துகிறார். உங்கள் கருவி ஒன்றும் காட்டாது. அவர் செய்வதோ ஒரு வேளை உங்கள் ஐந்து கருத்துருக்களையும்விட நல்ல யோசனை. தேவைப் பட்டியலை மூடாதீர்கள் என்பது இதற்காகத்தான்.

ஜான்சன், ஸ்மித் இருவரின் 1991 ஆய்வையும் ஒரு பார்வை பாருங்கள். பொறியியல் மாணவர்களிடம் சிந்தாத காபிக் கோப்பை ஒன்றை வடிவமைக்கச் சொன்னார்கள், உறிஞ்சுகுழலும் வாய்ப்பகுதியும் கூடாது என்று தெளிவாகச் சொல்லி. ஒரு குழுவுக்கு மட்டும் எடுத்துக்காட்டாக ஒரு படம் கொடுத்தார்கள். அதில் அந்த இரண்டுமே இருந்தன. படம் பார்த்தவர்கள் தடை செய்த அம்சங்களையே திரும்ப வரைந்தது அதிகம். மேசைமேல் பழைய நெம்புகோலை வைத்துக்கொண்டு யோசித்தால் நமக்கும் அதுதான்.

#14 பழைய பட்டறை

சரி, அலெக்சாண்டரை விட்டுவிடுகிறேன். ஆனால் ஒரு கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை. நாங்களும் மக்களைப் பார்த்தோம், மாதிரி செய்தோம், சோதித்தோம், திருத்தினோம். பட்டம் மட்டும் யாரும் தரவில்லை. எந்த இடத்தில் வடிவமைப்பு நின்று ஆய்வு தொடங்குகிறது?

#15 முறுக்குவிசை

உங்கள் சோதனை, "இந்தப் பொருளை வெளியே விடலாமா?" என்ற கேள்விக்கு. ஆம் என்றால் சோதனையின் வேலை முடிந்தது. இந்தக் கைப்பிடி ஏன் தேறியது, அந்தக் காரணம் கதவுத் தாழ்ப்பாளுக்கும் பொருந்துமா என்று கேட்க உங்களுக்குச் சம்பளம் தரவில்லை. தேறாத மாதிரிகள் குப்பைக்குப் போயிருக்கும். ஆய்வுக்கு அந்தத் தேறாதவை தேவை. தள்ளும் அமைப்பு மூன்று வகைப் பயனாளரில் ஒரு வகைக்கு உதவவில்லை என்றால், எனக்கு அந்த வரிதான் மிக முக்கியமானது, அடுத்தவர் அந்தப் பக்கம் போகாமல் இருப்பார். ஆலையில் எழுதி வைத்திருந்தால் நீங்களும் ஆய்வாளர்தான் அண்ணா. டூராண்ட் செய்ததில் பாதி அதுதான்.

#16 பழைய பட்டறை

எழுதி வைக்க எங்கே விட்டார்கள். எழுதினாலும் வெளியே காட்டக் கூடாது என்று கையெழுத்து வாங்கிக்கொள்வார்கள். சரி, இந்தப் பதிலை ஒப்புக்கொள்கிறேன்.

#17 நெம்புகோல்

அத்தியாயத்தை இப்படிப் பிரித்திருக்கிறேன்.

மூன்றாம் அத்தியாயம், களத்தில் பார்த்தல். பிரேக்கை எப்போது, எந்த உடற்பகுதியால் போடுகிறார்கள், எப்போது போடாமல் விடுகிறார்கள் என்று கவனிப்பேன். இதில் கருதுகோள் இல்லை. தேவைப் பட்டியல் இதற்குப் பிறகுதான், அதுவும் திருத்தக்கூடியதாக. 12 பேர் என்று நினைத்திருக்கிறேன்.

நான்காம் அத்தியாயம், வடிவமைப்பு. பால், பைட்ஸ் கட்டங்கள் இங்கே வருகின்றன. பியூ அணியும் இங்கேதான், முடிவாக இல்லை, கைவிட்டவற்றுக்கான காரணங்களோடு.

ஐந்தாம் அத்தியாயம், ஒப்பீடு. ஒரே நெம்பு விகிதத்தில் தள்ளும் அமைப்பு, இழுக்கும் அமைப்பு. ஒரே நபர் இரண்டையும் பயன்படுத்துவார். கூற்று: "தள்ளும் அமைப்பு பயன்படுத்த எளிதானது."

மொத்தத்துக்கும் சட்டகம் டிசைன் சயின்ஸ். இயந்திரவியல் பேராசிரியர் கேட்ட கருதுகோள் ஐந்தில் வருகிறது, மற்றவர் கேட்ட அவகாசம் மூன்றில். சரிதானா?

#18 திட்டவிலக்கம்

"எளிதானது" என்பதை அடித்துவிடுங்கள். முதல் முயற்சியிலேயே பிரேக் முழுமையாக விழுந்ததா, உச்ச விசை எவ்வளவு, எவ்வளவு நேரம் என்று மூன்றில் ஒன்றை முதன்மை அளவீடாக முன்பே அறிவியுங்கள். மூன்றையும் அளந்துவிட்டு, எது நன்றாக வந்ததோ அதைத் தலைப்பில் போடுவது கூடாது. 34 என்ற எண் விசை, நேரம் போன்ற தொடர் அளவுக்கானது. விழுந்தது, விழவில்லை என்று எண்ணினால் கணக்கு மாறும், தனிச்செய்தி அனுப்புங்கள், பார்க்கலாம். அளக்கிறவர் நீங்களாக இருக்கவும் வேண்டாம். செய்தவர் எதிரே நிற்கும்போது "நன்றாக இல்லை" என்று சொல்ல யாருக்கும் மனம் வராது.

#19 பிட்டும் பைட்டும்

சட்டகம் பொருந்துகிறது. ஒரே ஒரு குறை: ஐந்திலிருந்து நான்குக்குத் திரும்பிப் போக வழியே காணோமே. பெஃபர்ஸ் படத்தில் மதிப்பீட்டிலிருந்து உருவாக்கத்துக்குத் திரும்பும் அம்பு இருக்கிறது. ஒரு சிறு முன்னோட்டச் சோதனையை நடுவில் வையுங்கள், அதில் கிடைக்கும் குறைகளுக்காக வடிவத்தைத் திருத்துங்கள். குறை தேடுவதற்குத்தான் அந்த 5 பேர் சரியாக வருவார்கள்.

#20 வரைபலகை

பிடித்திருக்கிறது. நான்காம் அத்தியாயத்துக்கு ஒரு யோசனை. கைவிட்ட ஒவ்வொரு மாதிரியையும் அன்றே படம் எடுத்து, ஏன் விட்டேன் என்று அன்றே இரண்டு வரி எழுதுங்கள். ஆய்வேடு எழுத உட்காரும்போது நினைவிலிருந்து எழுதினால், எல்லா முடிவுகளும் முதலிலிருந்தே திட்டமிட்டது போல நேர்க்கோடாக வந்துவிடும். ரிசர்ச் த்ரூ டிசைன்காரர்கள் செயல்முறைப் பதிவைப் பற்றி இவ்வளவு அலட்டிக்கொள்வதற்கு அதுதான் காரணம், சட்டகம் எதுவானாலும் இதைக் கடன் வாங்கிக்கொள்ளலாம்.

#21 முறுக்குவிசை

மூன்றாம் அத்தியாயத்துக்கு நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் வாங்கிவிட்டீர்களா? பலர் சோதனைக்கு மட்டும்தான் வேண்டும் என்று நினைக்கிறார்கள். வெறுமனே பக்கத்தில் நின்று பார்ப்பதற்கும், அதை வீடியோ எடுப்பதற்கும்கூட வேண்டும். ஒப்புதலுக்கு முன் எடுத்த பதிவை ஆய்வேட்டில் பயன்படுத்த விடமாட்டார்கள்.

#22 நெம்புகோல்

இல்லை, ஐந்தாம் அத்தியாயத்துக்கு மட்டும்தான் விண்ணப்பம் தயாராக இருந்தது. மூன்றையும் முன்னோட்டச் சோதனையையும் சேர்த்துத் திங்கட்கிழமை அனுப்புகிறேன்.